தலைப்பக்காவின் பட்டன் இல்லாத பிரவுசர்

அவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் மட்டும் அது தலைகாட்டும். மற்றபடி வானொலி நிலையத்தில் வாசல் காவலர் முதல் தேநீர் கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் அவள் தலைப்பக்காதான். ஏன் என்று கேட்பவர்கள் ஒருநாள் அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போகவேண்டும். அடுப்படியில் நின்றபடி, "சாப்பாடு தயார். உப்பு சற்றுத் தூக்கல். கணவர் உடனே வருமாறு வேண்டுகோள்" என்று கூவுவாள். எத்தனையோ வருடங்களாகச் செய்தி எழுதி எழுதி, வாயைத் திறந்தாலே தலைப்புச் செய்தியாகத்தான் வரும். கணவரோடு சண்டை வந்தாலும் அப்படியே: "துண்டு மீண்டும் கட்டில்மேல். மனைவி கடும் கண்டனம்."

நிலையம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிறது. செய்தியறை ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே பேருந்து நிலையம். புகை வரும் என்று ஜன்னலைச் சாத்தச் சொல்வார்கள், அவள் சாத்தமாட்டாள். தான் எழுதுவதை யார் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே எழுதுவது அவளுக்குப் பிடிக்கும். மணிக்கொரு தரம் ஐந்து நிமிடச் செய்தி. அரசு அறிவிப்புப் பக்கங்கள், செய்தித் தளங்கள், வானிலைப் பக்கம் என்று இணையம் முழுக்கத் துழாவி, எது உண்மை, எது புரளி என்று சலித்து, தமிழில் எழுதி, அச்செடுத்துக் கண்ணாடி அறைக்குள் கொடுக்கவேண்டும். உள்ளே சிவப்பு விளக்கு எரியும். மணிக்குரல் என்று எல்லோரும் கூப்பிடும் பெண் அதை வாசிப்பாள். வாசித்தவளை ஊர் முழுக்கத் தெரியும். எழுதியவளை யாருக்கும் தெரியாது. அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. "குரல் அவளோடது, வார்த்தை என்னோடது" என்று சிரிப்பாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவள் கை ஆட ஆரம்பித்தது.

முதலில் தேநீர்க் கோப்பைதான் காட்டிக்கொடுத்தது. தட்டில் வைக்கும்போது கடகடவென்று சத்தம். பிறகு சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க, இது ஆளைக் கொல்ற வியாதி இல்ல. ஆனா போகவும் போகாது. கையை நீட்டிப் பிடிச்சா ஆடும், எதுமேலயாவது ஊன்றி வெச்சா அடங்கும்" என்றார். அன்று முதல் விசைப்பலகைக்கு முன்னால் ஒரு துண்டை மடித்துப் போட்டு, மணிக்கட்டை அதில் ஊன்றிக்கொண்டாள். தட்டச்சு பழையபடி பறந்தது. அவள் தட்டச்சு வகுப்பில் முதலாவதாகத் தேறியவள், சும்மாவா?

மவுஸ்தான் சனியன். பிடித்தால் திரையில் அம்புக்குறி பல்லி வால் மாதிரி துடித்தது. இந்தக் காலத்துச் செய்தித் தளங்கள் இருக்கின்றனவே, அவற்றைச் செய்தவர்களை வரிசையாக நிற்கவைத்துக் கேள்வி கேட்கவேண்டும். மழைச் செய்தி பார்க்கப் போனால் சோப்பு விற்கிறான். சோப்பை மூடப் பெருக்கல் குறியைத் தேடினால் அது எள்ளளவு இருக்கிறது. குறி தவறினால் விளம்பரம் முழுத்திரைக்கு விரிந்து, "மணக்க மணக்கக் குளியுங்கள்!" என்று செய்தியறையே அதிரக் கத்துகிறது. அவள் கணினியோ நிலையம் ஆரம்பித்த காலத்தது. இத்தனை சுமையையும் தூக்க முடியாமல் அது முக்கி முனகி நின்றுபோகும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் வலது கையை மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொள்வாள்.

நிலையத் தலைவர் நல்ல மனிதர். அதுதான் வம்பே. கெட்டவர் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். ஒருநாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கஷ்டப்படாதீங்கம்மா, பழைய நிகழ்ச்சிகளைப் பதிவு பண்ணி அடுக்கிவைக்கிற பிரிவுல அவசரமே கிடையாது. யோசிச்சுப் பாருங்க" என்றார்.

"யோசிக்கிறேன் சார்" என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது? செய்தியை விட்டால் அவள் வெறும் ஆள். அந்த மணிக்கொரு தரம் வரும் ஐந்து நிமிடம் அவளுடையது. அதைத் தன் கையாலேயே செய்யவேண்டும், அது ஆடுகிற கையாக இருந்தாலும். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அறிவித்தாள்: "மவுசுக்கு விடை. மனைவி அதிரடி முடிவு."

கணவர் லிஃப்ட் மெக்கானிக். கையில் எது கிடைத்தாலும் பிரித்து, வேண்டாததை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு மாட்டுகிறவர். மிக்சியில் மிச்சமான திருகாணிகள் ஒரு டப்பா நிறைய வீட்டில் இருக்கின்றன. மிக்சியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. "நல்லது. இப்ப என்ன பண்ணப் போற?" என்றார்.

"லேசான பிரவுசரா ஒண்ணு தேடப் போறேன். பாரம் தூக்காத பிரவுசர்."

சாப்பாட்டு மேஜையில் வீட்டு மடிக்கணினியை வைத்துக்கொண்டு தேடல் தொடங்கியது. முதலில் கிடைத்தது பார்க்க லட்சணமாக இருந்தது, வேகமாகவும் ஓடியது. ஆனால் எதற்கெடுத்தாலும் ஓரத்தில் இருக்கும் குட்டிப் படங்களைச் சொடுக்கச் சொன்னது. பழைய வியாதியே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்த மாதிரி. தூக்கிப் போட்டாள். இரண்டாவது இன்னும் லேசு. கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்துவிட்டது. ஆனால் தமிழைக் கண்டதும் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகக் காட்டியது.

"எடையைக் குறைடான்னா எலும்பையே உருவிட்டான்!" என்று அதையும் கடாசினாள்.

மூன்றாவதைத் திறந்ததும் கணவர் எட்டிப் பார்த்தார். வெள்ளைத் திரை. முகவரி எழுதும் இடம் இல்லை, பட்டன் இல்லை, ஒன்றுமே இல்லை. அடியில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு மட்டும்.

"என்னம்மா இது, கதவைக் காணோம், ஜன்னலைக் காணோம், வெறும் சுவரா இருக்கு?"

"இருங்க, இருங்க." அவள் விளக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது. இதில் எல்லாமே விசைகள்தான். ஒரு எழுத்தைத் தட்டினால் பக்கம் இறங்கும், இன்னொன்றைத் தட்டினால் ஏறும். வேறொன்றைத் தட்டினால் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு இணைப்பின் மேலும் சின்ன மஞ்சள் சீட்டில் எழுத்து முளைக்கும். அந்த எழுத்தைத் தட்டினால் இணைப்பு திறந்துகொள்ளும். எந்த விசைக்கு எந்த வேலை, என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதை நாமே ஒரு கோப்பில் வரிவரியாக எழுதிக்கொள்ளலாம்.

"இதுல மவுஸே வேண்டாங்க!"

"லிஃப்டும் இதானே? மேலே, கீழே, திற, மூடு. இதுக்கு மேல பட்டன் வெச்சா ஜனங்க அமுக்கிக் கெடுக்கத்தான் செய்வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் கைகழுவப் போனார்.

அந்த வாரம் முழுக்க மாலை நேரமெல்லாம் அந்தக் கோப்புதான். படங்கள் வேண்டாம். தானாக ஓடும் காணொளி வேண்டவே வேண்டாம். எழுத்து பெரிதாக வேண்டும். பின்னணி பழைய செய்தித்தாள் நிறத்தில், கண்ணை உறுத்தாமல். திறந்தவுடன் அவள் தினமும் பார்க்கும் தளங்களின் பெயர்கள் மட்டும், ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒவ்வொரு வரியை எழுதிச் சேர்த்ததும் சோப்புக்காரன் ஒருவன் வாயடைத்துப் போனான். அவளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

நிலையத் தலைவரிடம் அனுமதி கேட்டாள். "உங்க கம்ப்யூட்டர், உங்க இஷ்டம். செய்தி நேரத்துக்கு வந்தா சரி" என்றார். வெள்ளிக்கிழமை காலை அதை ஏற்றினாள். அந்தக் கிழட்டுக் கணினி குமரியாகிவிட்டது. மதியம்வரை ஒவ்வொரு செய்தியும் நேரத்துக்கு முன்பே கண்ணாடி அறைக்குள் போனது. மணிக்குரலே, "என்னக்கா, இன்னிக்கு இறக்கை முளைச்சிருக்கா?" என்று கேட்டாள்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. ஆறு ஏறியது. பெரிய பாலத்தை மூடப்போவதாகப் பேச்சு. "பாலம் மூடப்படலாம் என எதிர்பார்ப்பு" என்று தமிழில் எழுதி முடித்தாள். செய்திக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது; முடிவு ஏதும் வந்துவிட்டதா என்று அரசு அறிவிப்புப் பக்கத்தை ஒரு முறை பார்த்துவிடலாம் என்று உலாவிக்குத் தாவி, விசையைத் தட்டினாள்.

அசையவில்லை.

மறுபடி தட்டினாள். ஓங்கித் தட்டினாள். வேறு விசைகளையும் தட்டினாள். திரை கல்லாகக் கிடந்தது. சொடுக்கிப் பார்க்கலாம் என்றால் சொடுக்க அதில் ஒரு பட்டனும் இல்லை. பட்டன் இல்லாததாகப் பார்த்து அவளே தேடிப் பிடித்து ஏற்றியிருந்தாள். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. மணிக்குரல் கையை நீட்டினாள். எழுதியது எழுதியபடியே உள்ளே போனது.

பாலத்தை அதற்குள் மூடிவிட்டிருந்தார்கள். இன்னும் மூடவில்லை என்று செய்தியை நம்பிக் கிளம்பிய பேருந்துகள் ஆற்றங்கரைவரை போய், நனைந்த ஜனங்களோடு திரும்பி வந்தன. ஜன்னல் வழியாக அவளே பார்த்தாள். ஒரு நடத்துநர் கீழே இறங்கி, மருந்துக் கடை வானொலியைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுத் துப்பினார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நிலையத் தலைவர் சத்தம் போடவில்லை. "பரவால்லம்மா. திங்கட்கிழமைலேர்ந்து பழைய பிரவுசரையே போட்டுக்கலாம். மணிக்குரல் பக்கத்துல உக்காந்து மவுஸைப் பிடிச்சுக்கட்டும். நீங்க சொல்லச் சொல்ல அவ அமுக்குவா. கொஞ்ச நாள் பாப்போம், சரிப்படலைன்னா அந்தப் பதிவுப் பிரிவு இருக்கவே இருக்கு" என்றார். இன்னொருத்தி கையைப் பிடித்துக்கொண்டு செய்தி எழுதுவதா! வழி முழுக்க அவள் மனம் பொருமியது.

வீட்டில் மடிக்கணினியைத் திறந்தாள். அதே உலாவி, அதே கோப்பு. தட்டினாள், சமர்த்தாக இறங்கியது, ஏறியது, பின்னே போனது. "பாருங்க இந்தத் திமிரை! வீட்டுல ஆடுது, ஆபீஸ்ல முறைக்குது!"

"அங்க செஞ்சதை இங்க அப்படியே செஞ்சு பாரு. லிஃப்ட் நின்னுபோச்சுன்னா நாங்க அப்படித்தான் பாப்போம்" என்றார் கணவர்.

பாலத்துச் செய்தியை மறுபடி தமிழில் எழுதினாள். கையோடு உலாவிக்குத் தாவித் தட்டினாள். கல்! இந்த முறை அவசரம் இல்லாததால் அடியில் இருந்த அந்த நூல்கோட்டைக் கவனித்தாள். தட்டும்போதெல்லாம் அதில் சின்னதாக ஒரு "க" மின்னி மறைந்தது. தட்டினால் க. மறுபடி தட்டினால் க. காக்கைமாதிரி.

"அட மடச்சி!" என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விசைப்பலகை தமிழில் இருந்தது. வீட்டில் வெறுமனே படித்துப் பார்த்தாளே தவிர, இடையில் ஒரு வரிகூடத் தமிழில் எழுதிப் பார்க்கவில்லை. நிலையத்தில் காலையில் செய்தி நிதானமாக வந்ததால், எழுதி முடித்ததும் பழக்க தோஷத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டாள், மதியத்து அவசரத்தில் மறந்தாள். உலாவி ஆங்கில எழுத்துக்குக் காத்திருந்தது, இவளோ "க, க" என்று கத்திக்கொண்டிருந்தாள். நாளெல்லாம் தமிழில் தட்டுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த விபத்து நடக்காது.

"அவ்வளவுதானே? எழுதி முடிச்சதும் இங்கிலீஷுக்கு மாத்திட்டுத் தட்டு" என்றார் கணவர்.

"செய்தி கழுத்தைப் பிடிக்கிற நேரத்துல ஞாபகம் இருக்குமா? இன்னிக்கு இருந்துச்சா?" அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் எதுக்குங்க மாறணும்? அது மாறட்டும். தமிழ் கத்துக்கட்டும்."

சனி, ஞாயிறு அவளுக்கு விடுமுறை. சனிக்கிழமை காலையே துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். கோப்பில் இருந்த ஆங்கில எழுத்துகளை எல்லாம் அழித்தாள். லிஃப்ட்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. மேலே என்றால் ம. கீழே என்றால் க. திற என்றால் த. பின்னே போக ப. தமிழ் விசைப்பலகையில் இந்த நான்கும் வலது கை விரல்கள் இயல்பாகப் படிகிற வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கையைத் தூக்கவே வேண்டாம், தூக்கினால்தானே ஆடும்? இணைப்புகளின் மேல் முளைக்கும் சீட்டுகளுக்கு இடது கைப்பக்கம் உள்ள உயிரெழுத்துகளைக் கொடுத்தாள். "த" தட்டியதும் அமைச்சரின் பேச்சு, சந்தை நிலவரம், வானிலை எல்லாவற்றின் தலையிலும் அ, ஆ, இ, ஈ என்று மஞ்சளாக முளைத்தது, முதல் வகுப்புப் பாடப் புத்தகம் மாதிரி.

பக்கத்தை மூடுவதில்தான் சிக்கல். "ம" ஏற்கெனவே மேலே போய்விட்டது. தவிர, கை நடுங்கித் தெரியாமல் பட்டு, பாதிச் செய்தியில் மூடிக்கொண்டால்? ஆகவே தூரத்தில் இருக்கும் இரண்டு எழுத்துகளைப் பிடித்தாள்: இடது கீழ் வரிசை ஓ, வலது மேல் வரிசை ட. இரண்டையும் அடுத்தடுத்து வேண்டுமென்றே தட்டினால்தான் மூடும்.

"ஓட-ன்னு சொன்னா ஓடிடும்!" என்று காட்டினாள்.

"எங்கிட்ட மட்டும் அப்படிச் சொல்லிடாதே" என்றார் அவர்.

ஒரே விசை நடுக்கத்தில் இரண்டு தரம் பட்டாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்படி கணினியின் அமைப்பையும் மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. கணவர்தான் நிலையக் கடிகாரம். தட்டைக் கரண்டியால் அடித்து, "நேரமாச்சு, நேரமாச்சு! சிவப்பு விளக்கு போட்டாச்சு!" என்று காதுக்குள் கத்தினார். அவள் எழுதினாள், தாவினாள், பார்த்தாள், திரும்ப வந்து எழுதினாள். கல்லாகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டியபோதுதான் நிறுத்தினார்கள்.

திங்கட்கிழமை அவள் சீக்கிரமே போய்த் தன் புதுக் கோப்பைக் கணினியில் ஏற்றினாள். மணிக்குரல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சங்கடமாகச் சிரித்தபடி மவுஸைப் பிடித்தாள். "சார் சொல்லிட்டாருக்கா. நான் என்ன பண்ண?"

"பிடிச்சுக்கோ. உன்மேல எனக்கென்ன கோபம்?"

மழை விட்டிருந்தது. காலை முதல் தொலைபேசி ஓயவில்லை. பாலம் திறந்தாச்சா, பாலம் திறந்தாச்சா என்று ஊரே கேட்டது. கீழே பேருந்துகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் மருந்துக் கடை வாசலில் வானொலியைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். "பாலம் இன்னும் திறக்கப்படவில்லை" என்று அவள் எழுதி முடித்திருந்தாள். சிவப்பு விளக்கு எரியச் சற்று நேரமே இருந்தது.

அதே இடம். அதே அவசரம். விசைப்பலகை தமிழில்தான் இருந்தது.

உலாவிக்குத் தாவினாள். ப. பின்னே போனது. த. மஞ்சள் சீட்டுகள் முளைத்தன. "எங்கக்கா அமுக்கணும்?" என்று மணிக்குரல் பதறினாள். அவள் பதில் சொல்லவில்லை. ஈ. அறிவிப்புப் பக்கம் விரிந்தது. க, க, க. இறங்கியது. அங்கே புதிதாக ஒரு வரி: சோதனை முடிந்தது, பாலம் போக்குவரத்துக்குத் திறக்கப்படுகிறது. அவள் விடவில்லை. ஒரு முறை பட்டது போதாதா? ப, த, உ. போக்குவரத்துத் துறையின் பக்கத்திலும் அதே வரி இருந்தது. திரும்பி வந்து முதல் வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதினாள். அச்சுப்பொறி தாளைத் துப்பியது. அதைக் கையில் பிடித்தபோது தாள் படபடவென்று ஆடியது. மணிக்குரல் மவுஸை அப்படியே போட்டுவிட்டுத் தாளைப் பிடுங்கிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் ஓடினாள்.

"செய்திகள். பெரிய பாலம் சற்று முன் திறக்கப்பட்டது."

தலைப்பக்கா ஜன்னலுக்குப் போனாள். கீழே ஓட்டுநர்கள் கலைந்து தங்கள் வண்டிகளுக்கு ஓடினார்கள். ஒரு இயந்திரம் உறுமியது. அடுத்தது. அதற்கடுத்தது. பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றுப் பக்கம் திரும்பின. அன்று துப்பிய நடத்துநர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு விசில் ஊதினார். தன் வார்த்தையைக் கேட்டுத்தான் அத்தனை வண்டியும் போகிறது என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

நிலையத் தலைவர் வேகமாக வந்தார். "யாரும்மா உறுதி பண்ணினது? எங்க போட்டிருக்கான், காட்டுங்க" என்று அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்தார். திரையின் மேலே தேடினார், ஓரத்தில் தேடினார், அடியில் தேடினார்.

"இதுல எங்கேம்மா அமுக்கறது? ஒண்ணுமே இல்லையே?"

"எனக்கு வேண்டியது எல்லாம் இருக்கு சார்."

அவள் எட்டி, எல்லோர் கண்ணெதிரிலும் வலது கையை நீட்டினாள். அது நன்றாகவே ஆடியது. மேஜைக்கு அடியில் ஒளிக்கவில்லை. துண்டின்மேல் ஊன்றி, ப தட்டினாள், த தட்டினாள், ஈ தட்டினாள். அரசு அறிவிப்பு வந்து நின்றது. அவர் அதைப் படித்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார்.

"கை ஆடுதேம்மா" என்றார் மெதுவாக.

"ஆடட்டும் சார். செய்தி ஆடுச்சா?"

அவர் எழுந்து, மவுஸின் வயரைப் பிடுங்கி, தானே சுற்றி எடுத்துக்கொண்டு போனார். பதிவுப் பிரிவைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. மணிக்குரல் அறையிலிருந்து வெளியே வந்து, "அக்கா, எனக்கும் அந்த பிரவுசரைப் போட்டுத் தாயேன்" என்றாள்.

மாலையில் கணவர் எண்ணெய்க் கறையோடு வந்தபோது, அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். தலைப்பு ஒன்றைத் தயாராக வைத்திருந்தாள். அவர் சொல்லவிடவில்லை.

"கேட்டேன், கேட்டேன்! மாடிக் கட்டடத்துல லிஃப்ட் சரி பண்ணி ஓட்டிப் பாத்துட்டிருந்தேன். காவலாளி ரேடியோவை சத்தமா வெச்சிருந்தாரு. பாலம் திறந்துருச்சுன்னதும், அது என் வீட்டுக்காரி எழுதினதுன்னு சொன்னேன்."

"யார்கிட்ட?"

"லிஃப்ட்ல இருந்த எல்லார்கிட்டயும். பிரவுசரு, ம, க, த, ப, ஓட, ஒண்ணு விடாம சொன்னேன்."

"ஐயோ, அவங்களுக்கு வேற வேலை இல்லையா? நின்னு கேட்டாங்களா?"

"கேக்காம? மேல போயிட்டிருந்த லிஃப்டை நடுவுல நிறுத்திட்டில்ல சொன்னேன்!"